டிஸ்க்கை எப்போது கழற்றிப் போடுவது

பிரேக் பேட் மாற்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: “அண்ணா, டிஸ்க் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்ல?” சாலையில் மட்டும் ஓடும் கார் என்றால் பதில் சுலபம். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அளந்து பார்த்துச் சொல்லிவிடலாம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் காலை முழுக்கச் சுற்றிவிட்டு, அதே டிஸ்க்கோடு பூந்தமல்லி நெரிசலில் வீடு திரும்பும் காருக்கு அந்த எண் பாதிப் பதில்தான்.

அளப்பதிலேயே பலர் கோட்டை விடுகிறார்கள். தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில், பேட் படாத இடம் மேடாக நிற்கும். வெர்னியரின் தட்டைத் தாடை அந்த மேட்டின் மேல் உட்கார்ந்து, இல்லாத தடிமனைக் காட்டும். மைக்ரோமீட்டரை உள்ளே தள்ளி, பேட் ஓடும் பாதையில், சுற்றிலும் பல இடங்களில் அளக்க வேண்டும். கிடைப்பதில் மிகச் சிறிய எண்தான் கணக்கு.

போர்ஷே 996 கரேராவின் முன் டிஸ்க் புதிதில் 28 மி.மீ., தேய்மான எல்லை 26. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அந்த 28-இல் நடுப்பகுதி காற்று ஓடும் இடைவெளி. சூட்டை வாங்குவது இருபக்கத்துத் தகடுகள், தேய்வதும் அவையே. எல்லையைத் தொட்ட டிஸ்க் அதே சூட்டைக் குறைந்த இரும்பில் சுமக்கிறது.

அந்தச் சூடு கொஞ்சநஞ்சமல்ல. 1,400 கிலோ எடையுள்ள கார் 200 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது சுமார் 18 லட்சம் ஜூல் ஆற்றலைக் கழிக்கிறது. அதில் பெரும்பங்கு முன் டிஸ்க்குகளுக்குள் போகிறது. அடுத்த நேர்சாலையில் காற்று பட்டுக் குளிர்ந்து, அடுத்த வளைவில் மறுபடி காய்கிறது. மேற்பரப்பு விரிய நினைக்கும்போது உள்ளே இருக்கும் இரும்பு விடுவதில்லை. இந்த இழுபறியில்தான் விரிசல் பிறக்கிறது. டிராக்கில் ஓடும் டிஸ்க் தேய்ந்து முடிவதற்கு முன்பே பெரும்பாலும் வெடித்து முடிகிறது. அதனால் நான் தடிமனை அளப்பதற்கு முன் விரிசலைத் தேடுவேன்.

துளையிட்ட டிஸ்க்கில் அது துளையின் ஓரத்தில்தான் தொடங்கும். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் துளையிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு கிளம்புவது தெரியும். அதன் மேல் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். வழுக்கிப் போனால் குறித்து வைத்து அடுத்த முறை பார்க்கலாம். நகம் மாட்டினால் அந்த டிஸ்க் மறுபடி டிராக்குக்குப் போகக் கூடாது. கோடு பக்கத்துத் துளையைத் தொட்டாலோ, வெளி விளிம்பை எட்டினாலோ பேச்சே இல்லை. வீட்டுக்குக்கூட அதில் போகக் கூடாது. வீல் ஸ்போக் இடுக்கில் எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் வெளிமுகத்தை மட்டும் பார்க்கிறார்கள். உள்முகத்தையும் பார்த்தாக வேண்டும். டிராக்குக்கு என்றே வாங்குபவர்களிடம் துளை வேண்டாம், காடி வெட்டியதை வாங்குங்கள் என்பேன்.

ஸ்டியரிங் உதறினால் உடனே “டிஸ்க் வளைஞ்சுடுச்சு” என்பார்கள். உண்மையில் வளைந்த டிஸ்க் அபூர்வம். பேட் பொருள் திட்டுத் திட்டாக டிஸ்க்கில் ஒட்டியிருக்கும். பந்தயப் பொறியாளர் கரோல் ஸ்மித் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். அந்தத் திட்டுகள் அளவுக்கு மீறிக் காய்ந்தால் அடியில் இருக்கும் வார்ப்பிரும்பே இறுகிச் சிமென்டைட் ஆகிவிடும். லேத்தில் கொடுத்து மேலாகச் சீவினாலும் இறுகல் ஆழத்தில் தங்கிவிடுவதால் உதறல் திரும்ப வரும். அந்த நிலையில் லேத் கூலி வீண், மாற்றிவிடுவதே மேல். சில சமயம் குற்றவாளி ஹப்பில் படிந்த துருதான். பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப்பை வெள்ளையாகத் தேய்க்காமல் புதியதை மாட்டினால், புதுசும் உதறும்.

மாற்றும்போது ஜோடியாகவே மாற்ற வேண்டும், பேடும் புதிதாக. உள் இறகுகள் வளைந்திருந்தால் இடதும் வலதும் வேறு வேறு. மாற்றி மாட்டினால் காற்று சரியாக ஓடாது. பிறகு காலியான சாலையில் நடுத்தர வேகத்திலிருந்து படிப்படியாக அழுத்தம் கூட்டிப் பல முறை பிரேக் போட்டு, முழுக்க நிறுத்தாமல் ஓட்டியே ஆறவிட வேண்டும். சூடான டிஸ்க் மேல் பேடை அழுத்திக்கொண்டு சிக்னலில் நின்றால், முதல் திட்டு அங்கேயே ஒட்டும்.