தாத்தாவின் ரவைக் கணக்கு

தாத்தாவின் இரும்புப் பெட்டியிலிருந்து கிடைத்த நோட்டுப் புத்தகத்தை முதலில் பால் கணக்கு என்றே எண்ணினேன். தேதி, தோட்டா, குழல், பிறகு வரிசையாக எண்கள். அவை அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் கணக்கு என்று சித்தப்பாதான் சொன்னார்.

பழைய செய்தித்தாள்களை ஒட்டிய தட்டியைத் தோட்டத்தில் நிறுத்தி, 40 கஜத்திலிருந்து சுடுவாராம். துளைகள் மிகுந்த இடத்தை நடுவாகக் கொண்டு 30 அங்குல விட்டத்தில் வட்டம் வரைந்து, உள்ளே விழுந்தவற்றைக் கரியால் குறித்து எண்ணுவாராம்.

முறை ஆங்கிலேயருடையது. குழலின் வாயைச் சற்றே ஒடுக்கும் 'சோக்' அமைப்பின் வலிமையை, 1875இல் 'தி ஃபீல்ட்' இதழ் லண்டனில் நடத்திய போட்டி நிறுவியது. ஆங்கிலேய அளவில் ஆறாம் எண் ரவை அவுன்ஸுக்கு 270. 1 1/16 அவுன்ஸ் ஏற்றிய தோட்டாவில் 287. ஒடுக்கமற்ற குழலில் அவற்றுள் 40 விழுக்காடு வட்டத்துக்குள் விழும். முழு ஒடுக்கத்தில் 70. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான்.

ஆனால் குழல் மட்டுமே தீர்மானிப்பதில்லை. மென்மையான ஈய ரவை குழலுக்குள்ளேயே நசுங்கிக் கோணலாகப் பறக்கும். கடினமானது சேர்ந்து செல்லும். ஆகவே தோட்டாவை மாற்றினால் மறுபடியும் சோதிக்கவேண்டும். ஒரு வெடியை நம்பவும் கூடாது. தாத்தா ஒவ்வொன்றுக்கும் ஐந்து முறை சுட்டுச் சராசரி கண்டிருக்கிறார்.

என்னை நிறுத்தியது கடைசிப் பத்தி. அதன் தலைப்பு 'ஓட்டை'. வட்டத்துக்குள் ரவையே விழாத, ஒரு கௌதாரி நுழையுமளவு வெற்றிடங்களின் எண்ணிக்கை.

"ஒரு தடவை காயம்பட்ட கௌதாரி முள்ளுக்குள்ள போயிருச்சுப்பா. இருட்டுற வரைக்கும் தேடினாரு, கிடைக்கல. அதுக்கப்புறம்தான் இந்தக் கணக்கு" என்றார் சித்தப்பா.

இறுதிப் பதிவு 1968. இடக் குழல், 287க்கு 204. எழுபத்தொரு விழுக்காடு, எவரும் பெருமைப்படக்கூடிய எண். அதற்கு எதிரே: ஓட்டை 1. அதன்பின் ஏடுகள் வெறுமையாக இருக்கின்றன. அவர் மீண்டும் வேட்டைக்குப் போகவில்லையாம். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

வேட்டை எனக்கு உவப்பானதன்று. வேட்டைக்காரர் மனத்தில் இரக்கம் இராது என்றே வகுப்பறையில் பேசியும் இருக்கிறேன். இப்போது அப்படிப் பேச நா எழவில்லை. ஒவ்வொரு பருவத் தேர்வுக்குப் பிறகும் என் துறையின் தேர்ச்சி விழுக்காட்டை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புகிறேன். அந்தப் படிவத்தில் கடைசிப் பத்தி ஒன்று இல்லை என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றியதே இல்லை.