அஞ்சி இழந்த இரண்டு ஆண்டுகள்



நள்ளிரவில் கை மரத்துப்போய் விழித்தெழுந்த அனுபவம் உங்களில் யாருக்கேனும் உண்டா? கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்க, கையை உதறி உதறி உணர்வை வரவழைத்துக்கொண்டு மீண்டும் கண்ணயர்ந்ததுண்டா? இரண்டு ஆண்டுகள் என் இரவுகள் அவ்வாறே கழிந்தன.

தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள் நான். அதே வலக்கை ஊசியில் நூல் கோக்க மறுத்தபோதும், தேநீர்க் கோப்பையை நழுவவிட்டபோதும், 'வயதாகிவிட்டது' என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

மருத்துவர் காரணத்தை விளக்கினார். நம் மணிக்கட்டில் எலும்புகளுக்கும், அவற்றின் மேல் பாலம் போல் அமைந்த ஒரு தடித்த பட்டைக்கும் இடையே குறுகிய வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதனூடே செல்கின்றன. அவ்வழி இறுகினால் நரம்பு நசுங்குகிறது. 'கார்ப்பல் டனல்' என்று பெயர். என்னைப் போன்ற சர்க்கரை நோயாளிகளிடம் இது அதிகம் காணப்படுகிறது. இரவில் மணிக்கட்டுக்குத் தாங்கி அணிந்தேன், ஊசியும் போட்டுக்கொண்டேன். பயன் நிலைக்கவில்லை. பட்டையை வெட்டி நரம்புக்கு வழிவிடுவதே தீர்வு என்றார் மருத்துவர்.

'ஆப்பரேஷன்' என்ற சொல்லைக் கேட்டதும் என் நெஞ்சு படபடத்தது. பல ஆண்டுகளுக்கு முன் என் உம்மாவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டு சென்றதும், கதவு மூடியதும், வெளியே நாங்கள் மணிக்கணக்கில் தவித்ததும் கண்முன் வந்து நின்றன. சர்க்கரை உள்ளவள் வெறும் வயிற்றில் காத்திருப்பது எப்படி? மயக்கம் தெளியாவிட்டால்? இவ்வாறெல்லாம் எண்ணி, ஓராண்டுக்கு மேல் மருத்துவமனைப் பக்கமே செல்லவில்லை.

இறுதியில் மகள்தான் விடாமல் அழைத்துச் சென்றாள். மருத்துவர் என் கட்டைவிரலின் அடிப்பகுதியை அழுத்திப் பார்த்தார். "அம்மா, இந்தச் சதை வற்றத் தொடங்கிவிட்டது. இனியும் தாமதித்தால் இழந்த வலு திரும்புவது கடினம். உங்களுக்கு மயக்கமும் வேண்டாம், ஆப்பரேஷன் தியேட்டரும் வேண்டாம். காலையில் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு வாருங்கள். இங்கேயே, இந்தச் சிறிய சிகிச்சை அறையிலேயே செய்துவிடலாம்" என்றார்.

அச்சம் நீங்கியதோ இல்லையோ, ஐயம் பிறந்தது. 'செலவைக் குறைப்பதற்காகப் பாதுகாப்பையும் குறைக்கிறார்களோ?' என்று கேட்டேவிட்டேன். அவர் பொறுமையாக விடை சொன்னார்.

முன்பெல்லாம் கை அறுவையின்போது இரத்தம் பெருகாதிருக்க, மேற்கையில் ஒரு பட்டையைக் கட்டிக் காற்றடைத்து இறுக்குவார்கள். சிறிது நேரத்தில் அந்த இறுக்கமே பெரும் வலியாகிவிடும். அதைத் தாங்கவே பலருக்கு மயக்கமருந்து தேவைப்பட்டது. மரப்பு மருந்தோடு அட்ரினலின் கலந்து செலுத்தினால் இரத்தக் குழாய்கள் சுருங்கும், பட்டை தேவையில்லை. ஆயினும் அதனை விரல்களில் செலுத்தினால் விரல் அழுகிவிடும் என்று மருத்துவ மாணவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்தார்கள். புரோகெயின் என்னும் பழைய மரப்பு மருந்து வழக்கில் இருந்த காலத்தில் நேர்ந்த கேடுகளே அந்த அச்சத்தின் வேர். நாட்பட்ட புரோகெயின் கடும் அமிலமாகிவிடும் என்பது பின்னர் தெளிவாயிற்று. கனடாவின் செயின்ட் ஜான் நகர மருத்துவர் டொனால்ட் லலோண்டும் அவருடைய சக மருத்துவர்களும் 3110 பேருக்குக் கையிலும் விரல்களிலும் அட்ரினலின் செலுத்தி, அதன் விளைவை 2005இல் வெளியிட்டனர். ஒருவருடைய விரலும் அழுகவில்லை!

கிருமித் தொற்று? சிறிய அறைகளில், கையைச் சுற்றி மட்டும் தூய துணி விரித்துச் செய்யப்பட்ட 1504 கார்ப்பல் டனல் அறுவைகளை ஆராய்ந்து 2011இல் கனடாவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஆறு பேருக்கு மட்டுமே மேலோட்டமான தொற்று; ஆழ்ந்த தொற்று ஒருவருக்கும் இல்லை. பெரிய அரங்கில் செய்தால் செலவு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று 2007இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறியது.

குறித்த நாளில் இட்லி சாப்பிட்டுவிட்டே சென்றேன். மெல்லிய ஊசியால் மெதுவாக மருந்தைச் செலுத்தினார்கள். அரைமணி நேரம் மகளோடு பேசிக்கொண்டு காத்திருந்தேன். உள்ளங்கை வெளுத்து மரத்தது. பின்னர் இழுப்பதுபோன்ற உணர்வு இருந்ததேயன்றி வலி இல்லை. இடையில் மருத்துவர் "விரல்களை மடக்குங்கள் அம்மா" என்றார், மடக்கினேன். கையை உயர்த்தி வைப்பது, கட்டு நனையாமல் காப்பது ஆகியவற்றை அப்போதே எடுத்துரைத்தார். முடிந்ததும் நடந்தே வெளியே வந்தேன். கட்டோடு ஒளுச் செய்யும் முறையை எங்கள் பள்ளி இமாமிடம் கேட்டறிந்துகொண்டேன். சில நாட்களிலேயே இரவுக் குறுகுறுப்பு நின்றது. அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் சகோதரிகளே, கட்டைவிரலின் அடியில் விழுந்த குழி இன்னும் நிரம்பவில்லை. சட்டைப் பொத்தானை மாட்ட இன்றும் திணறுகிறேன். அதை என்னிடமிருந்து பறித்தது நோயன்று. நான் தள்ளிப்போட்ட நாட்கள்.

எல்லாக் கை அறுவைகளும் இப்படிச் செய்யத் தக்கவை அல்ல. பெருங்காயங்கள், விழித்திருக்க முடியாத சிறு குழந்தைகள், விரல்களுக்கு இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு மருத்துவரே வழி சொல்ல வேண்டும். அறை சிறிதானாலும் கருவிகள் கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும்; செய்பவர் கை அறுவையில் தேர்ந்தவராக இருக்க வேண்டும். இவற்றைக் கேட்டறிய நாணாதீர்கள். "எனக்கு மயக்கம் அவசியமா?" என்றும் கேளுங்கள். நான் அக்கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால், இதை எழுதும்போது பேனா இருமுறை நழுவியிருக்காது.