வேலிக்குள் ஒரு கோப்பை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் தெருவிழாவுக்கோ இசைவிழாவுக்கோ போகிறவர் பியர் குடிக்க விரும்பினால், அதற்கென்று வேலியடைத்த இடத்துக்குள் போய்த்தான் குடிக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. கோப்பையோடு வெளியே வரக்கூடாது. பிள்ளைகள் உள்ளே போகக்கூடாது. 'பியர் தோட்டம்' என்று அதற்குப் பெயர். குடும்பமாக வந்தவர்களை அந்த வேலி இரண்டாகப் பிரித்தது. பாட்டும் ஆட்டமும் ஒரு பக்கம் நடக்க, உள்ளே அடைபட்டவருக்குக் குடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பிள்ளைகளிடம் திரும்ப வேண்டுமானால் கையில் இருப்பதை மடமடவென்று குடித்து முடித்தாக வேண்டும். குடியைக் கட்டுப்படுத்தப் போட்ட விதி அவசரக் குடியைப் பழக்கிவிட்டது என்பதுதான் என் குற்றச்சாட்டு. இதற்குப் பழைய சான்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது, 1916இல், நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா முதலிய மாநிலங்கள் மது விடுதிகளை மாலை 6 மணிக்கே மூட வைத்தன. வேலை விட்டு வந்தவர்கள் எஞ்சிய கொஞ்ச நேரத்துக்குள் முண்டியடித்துக் குடித்தார்கள். இந்தக் கூத்தை நியூ சவுத் வேல்ஸ் 1955இலும் விக்டோரியா 1966இலும்தான் கைவிட்டன.

கூட்டத்தில் குடி புகுந்தால் கலவரம் வரும் என்பார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. 2011 ஜூன் 15 அன்று அதே மாகாணத்தின் வான்கூவர் நகரில் ஐஸ் ஹாக்கி இறுதிப் போட்டியில் உள்ளூர் அணி தோற்றதும் கார்கள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன. கூட்டத்தில் பலர் குடித்திருந்தார்கள். ஆனால் அங்கே தெருவில் குடிப்பது அன்றைக்கும் சட்டப்படி குற்றம்தான். நகர மையத்து மதுக்கடைகளையும் மாலையிலேயே மூடியிருந்தார்கள். மக்கள் பையில் மறைத்துக் கொண்டுவந்தார்கள். தெரு தாங்காத கூட்டத்தைத் தடைவிதி எப்படித் தாங்கும்? மறைத்துக் குடிப்பவருக்கு 'போதும்' என்று சொல்லி ஊற்ற மறுக்க எதிரே ஆள் கிடையாது. உரிமம் பெற்று விற்பவருக்கு அந்தப் பொறுப்பு உண்டு. வேலி இல்லாத ஊரும் உண்டு: அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு தெருவில் நடக்கலாம். கண்ணாடிப் புட்டிக்குத் தடை. உடைந்தால் காலைக் கிழிப்பது கண்ணாடி என்பதால் விதி அதன்மேல் பாய்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவார்களே என்ற கவலை இன்னும் நியாயமானது. அதற்கு மருந்து இரவுப் பேருந்தும் சாலையில் காவலர் சோதனையும். வேலிக்குள் குடித்தவரும் வீட்டுக்கு வண்டியில்தானே போகிறார்!

மதுச் சட்டங்களை ஆராய்ந்து 2013இல் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் ஜான் யாப் அளித்த 73 பரிந்துரைகளை ஏற்று, பிரிட்டிஷ் கொலம்பியா பியர் தோட்டக் கட்டாயத்தை நீக்கியது. மற்ற ஊர்களில் விழா நடத்துவோரும் அனுமதி வழங்குவோரும் வேலிக்குச் செலவிடும் பணத்தைக் குடிநீருக்கும் கழிப்பறைக்கும் கடைசிப் பேருந்துக்கும் செலவிடட்டும்.