உடைந்த மங்குகள்



என் தங்கை புதுச்சேரிக்காரர் ஒருவரை மணந்து பாரிசில் குடியிருக்கிறாள். பள்ளி விடுமுறையில் அங்கே போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, "அக்கா, சார்த்ர் நகரத்துக்குப் போய் ஞாயிறு இரவு திரும்பிவிடலாம். 90 கிலோமீட்டர்தான்" என்று தங்கை கணவர் காரை எடுத்தார். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். நம் ஊரில் ஓட்டுநர் உட்காரும் பக்கத்தில் நான்! என் கால் சும்மா இருக்காமல் பிரேக்கைத் தேடிக்கொண்டே வந்தது.

பாரிஸ் மறைந்ததும் போஸ் சமவெளி. கண்ணுக்கு எட்டிய மட்டும் கோதுமை. நம் தோட்டத்தில் இத்தனை நிலத்துக்கு எத்தனை லயங்கள் இருக்கும்! அங்கே ஆள் முகமே காணோம், எல்லாம் இயந்திரம். திடீரென்று கோதுமைக்கு நடுவே இரண்டு கோபுரங்கள் முளைத்தன. ஒன்று நெட்டை, ஒன்று சற்றுக் குட்டை. நகரமோ இன்னும் வெகு தொலைவு.

1194இல் தீக்கு இரையான பின் மீண்டும் எழுப்பிய மாதா கோயில் அது. நீலம் பாய்ந்த அதன் கண்ணாடிச் சன்னல்களில், புனிதர்களின் கதைகளுக்கு அடியில், செருப்புத் தைப்பவரும் ரொட்டிக்காரரும் சக்கரம் செய்பவரும் தத்தம் வேலையில் இருக்கிறார்கள். 1939இல் போர் வந்தபோது அந்தக் கண்ணாடிகளைக் கழற்றிப் பாதுகாத்து, பிறகு மாட்டினார்களாம்.

மறுநாள் பார்த்த வீட்டைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ரேமோன் இசிதோர் என்பவர் கல்லறைத் தோட்டம் கூட்டிப் பிழைத்தவர். 1938 முதல் உடைந்த தட்டுகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் பொறுக்கி வந்து வீட்டுச் சுவரில் பதித்தார். நாற்காலி, கட்டில், மனைவியின் தையல் இயந்திரம்கூடத் தப்பவில்லை. ஊரார் கேலிப் பெயர் வைத்தார்கள். 1964இல் இறந்தார். இன்று அதைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும்.

பால்மரம் வெட்டிய என் அம்மாவும் உடைந்த மங்குகளைக் கொண்டுவந்து வாசல் செம்பருத்தியைச் சுற்றிப் பதித்திருந்தார். பயிற்சிக் கல்லூரித் தோழிகள் வீட்டுக்கு வருவதாக இருந்தபோது, "இந்தக் குப்பையை அள்ளிப் போடும்மா" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு துண்டுகூட இல்லை.

பாரிஸ் திரும்பியதும் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு, மங்குகள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நாப்பத்திரண்டு மங்கு. சேக்க மூணு வருசமாச்சு" என்றார் அம்மா. "அங்க குளிரா இருக்கா? கம்பளி போட்டுக்கிட்டியா?"