எஞ்சின் நின்ற பின்னர்

ஓடும் எஞ்சினுக்கே கேடு வரும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். 1958இல் அமெரிக்காவில் வெளிவந்த எஸ்.டி.24 முதலாக, எலெக்ட்ரோ மோட்டிவ் நிறுவனத்தாரின் பெரிய டீசல் ரயில் எஞ்சின்கள் பல டர்போசார்ஜர் பூண்டவை. தொடக்கத்திற் பற்சக்கரங்களாலும், பாரம் ஏறியபின் கழிபுகையின் உந்தலாலும் அது சுழலும்; எஞ்சின் ஒருமுறை சுற்றுமுன் ஏறத்தாழ 18 முறை சுற்றிவிடும். எஞ்சினை நிறுத்தினாலோ எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும். சக்கரத்தின் கொதிப்பு மட்டும் தணியாது. அவ்வெப்பம் அச்சுவழியே தாங்கிகளுக்குப் பரவி, அங்கு தேங்கிய எண்ணெயைக் கருக்கும். அடுப்பணைத்த பின்னும் மண்சட்டியிற் குழம்பு கொதிப்பதைக் கண்ட எம் இல்லத்தரசிக்கு இதை விளக்க நாம் சிரமப்படவில்லை. இதற்காகவே மின்கலத்தால் இயங்கும் சிறு பம்பியொன்று, எஞ்சின் ஓய்ந்தபின்னும் அரைமணி நேரமேனும் எண்ணெய் ஊட்டுகிறது. அதன் முனகலை வீண்செலவென்று கருதி ஆளியை அணைப்பவன் மின்கலத்தைக் காத்து, டர்போசார்ஜரை இழக்கிறான்.