வெள்ளித் தட்டுகள் காசான நகரம்

இலண்டனிலிருந்து வடதிசை செல்லும் இரயிலில் ஏறி, நியூவார்க் என்னும் பழம்பெரும் ஊரை அடைந்தோம். டிரெண்ட் ஆற்றங்கரையில் இடிந்த கோட்டையொன்று நிற்கின்றது. 1216இல் ஜான் மன்னர் உயிர்நீத்தது இங்கேதான். எனினும் யாம் சென்றது கோட்டையைக் காண அன்று. அவ்வூரில் பிறந்த அரிய வெள்ளிக் காசுகளைக் காணவே.

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் நியூவார்க் முதலாம் சார்லஸ் மன்னரின் பக்கம் நின்றது. 1645ஆம் ஆண்டின் இறுதியில் பகைவர் அதனை மூன்றாம் முறையாக முற்றுகையிட்டனர். காவற்படைக்கு ஊதியம் தரக் காசில்லை. ஆகவே வெள்ளித் தட்டுகளைச் சாய்சதுரத் துண்டுகளாக வெட்டி முத்திரையிட்டனர். ஒருபுறம் மகுடமும் மதிப்பும். மறுபுறம் ஊர்ப்பெயரும் ஆண்டும். 30, 12, 9, 6 பென்னி என நால்வகை. 1646 மே மாதத்தில் மன்னர் ஸ்காட்லாந்துப் படையிடம் சரணடைந்து, நகரை ஒப்படைக்கக் கட்டளையிட்டார். கொள்ளைநோயால் வாடிய நகரின் வாயில்கள் திறந்தன, காசடிப்பும் நின்றது. இவை அரியவையானதன் காரணம் இதுவே.

2015இல் திறக்கப்பட்ட தேசிய உள்நாட்டுப் போர் மையத்தில் இக்காசுகளைக் கண்டோம். இத்தகைய காசுகள் சிலவற்றில் பழைய தட்டின் வேலைப்பாடும் பொன்முலாமும் இன்றும் தெரியும். காசு சேர்ப்போர் பெரிதும் விரும்புவது அத்தடத்தையே.

அதை எண்ணியபோது எம் நெஞ்சு சுட்டது. விக்டோரியா மகாராணியின் அரைக்கிரவுன் ஒன்று எம்மிடம் இருந்தது. அது ஆங்கிலேயக் குருவானவர் ஒருவருக்கு அவர் தாயார் கப்பலேறும் நாளில் தந்தது. அவர் தம் இறுதி நாளில் எமக்களித்தார். கறுத்திருந்த அக்காசைப் பயணத்திற்கு முன் புளியும் சாம்பலும் இட்டுப் பளபளக்கத் துலக்கினோம். முந்திய நாள் இலண்டன் நாணய வணிகர் ஒருவரிடம் பெருமையுடன் காட்டினோம். துலக்கிய காசின் இயல்பான மேற்பரப்பு இனித் திரும்பாது, வெள்ளியின் எடைக்குரிய விலையே மிஞ்சும் என்றார் அவர்.

விற்கும் எண்ணம் எமக்கு இருந்ததில்லை. ஆயினும் அத்தாயின் விரலும் மகனின் விரலும் பட்டுப் படிந்த கருமையை எம் கையாலேயே கழுவிவிட்டோமே!

அன்புள்ள குடும்பத்தாரே, உங்கள் பெட்டியில் பாட்டனார் வைத்த பழங்காசு இருப்பின், அதைத் துலக்காதீர். ஓரத்தைப் பிடித்தெடுத்துக் காகித உறையிலிட்டு, அது யார் தந்தது என்பதை மேலே எழுதி வையுங்கள்.