நிழல் விவகாரம்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று நம்மில் பலர் பள்ளிக்கூட நாட்களிலேயே கேட்டிருக்கிறோம். கேட்டதோடு சரி. கோயிலுக்குப் போய் வந்தவர்களும் இதையே சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு விசேஷமாகப் படுகிறது. கண் ஒன்றைப் பார்த்திருக்கிறது. வாய் வேறொன்றைச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் எந்தச் சங்கடமும் இல்லை.

நிழல் விழத்தான் செய்கிறது. காலையில் மேற்குப் பக்கம். மாலையில் கிழக்கே, நந்தி இருக்கும் திசையில். உச்சி வேளையில் மட்டும் விஷயம் கொஞ்சம் வேறு. விமானம் அடியில் அகன்று மேலே போகப் போகக் குறுகுவதால், சூரியன் உச்சியை நெருங்கும்போது மேல் நிலைகளின் குட்டை நிழலைக் கீழ் நிலைகளே வாங்கிக்கொண்டுவிடுகின்றன. தஞ்சாவூரில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும் நாட்கள் உண்டு. அந்த நடுப்பகலில் தெருவிளக்குக் கம்பத்துக்கும் நிழல் இல்லை. கம்பத்தை யாரும் அதிசயம் என்பதில்லை.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். படித்தவர். "கலசத்தோட நிழலைத்தான் சார் சொல்றாங்க" என்றார். அதுவும் விழும் என்றேன். "அந்தக் காலத்துல விழாம இருந்திருக்கலாமே" என்றார். பிறகு குரல் மாறிற்று. "உங்களுக்கு ராஜராஜன்மேல என்ன கோபம்?"

"எப்படித் தெரியும்?" என்ற கேள்வி நம்மிடையே "நீ யார் பக்கம்?" என்பதாகவே காதில் விழுகிறது. நிழலைப் பற்றிப் பேசப்போய் என் விசுவாசத்துக்குச் சாட்சி தேடவேண்டியதாயிற்று. தகவல் இங்கே தகவலாக இருப்பதில்லை. கொடியாகிவிடுகிறது. இறக்கச் சொன்னால் சண்டைதான்.

திருத்துகிறவனையும் சும்மா விட்டுவிட முடியாது. பிறத்தியாரைத் திருத்துவதில் ஒரு ருசி இருக்கிறது. அது தலைதூக்கினால் வாதம் ஜெயிக்கும். எதிராளி தன் நம்பிக்கையை முன்னைவிடப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப்போவார். பொய்யை அகற்றிவிட்டு இடத்தைக் காலியாக விட்டால், அடுத்த பொய் வந்து உட்காரும்.

காலியாக விடவேண்டிய அவசியமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஹூல்ஷ் கல்வெட்டுகளைப் படித்துச் சொல்லும்வரை, கட்டியவன் ராஜராஜன் என்பதே பொதுவில் நிச்சயமில்லாமல் இருந்தது. தலபுராணம் கரிகாலன் என்றது. புராணத்தோடு திருப்தி அடையாமல் ஒருவர் சுவரைப் படித்ததால் கிடைத்த பெயர் இது. நண்பர் யாருக்காகக் கோபித்துக்கொண்டாரோ அந்தப் பெயரே ஒரு திருத்தம்தான்.

அந்தச் சுவர் அரசனோடு நின்றுவிடவில்லை. அவன் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பெயர் சொல்லி, இன்ன தெரு இன்ன வீடு என்று குறித்து, ஆளுக்கு 100 கலம் நெல் என்று எழுதியிருக்கிறது. கணக்கர், தையற்காரர், நாவிதர், வண்ணார் எல்லோரும் வருகிறார்கள்.

நிழல் கதையில் இவர்களில் ஒருவர்கூட இல்லை. அந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் வாயைப் பிளப்பதைத் தவிர நமக்கும் வேலை இல்லை. சுவர் அப்படி அல்ல. ஆயிரம் வருஷம் கழித்தும் படிக்கும்படியாகத்தான் இருக்கிறது.